பாஸுக்கு வைத்த தேத்தண்ணி

செயின்சோவை முடுக்கினால் சங்கிலியில் ஒட்டிய ரப்பர் பால் தீயும். அந்த வாடையில் எனக்கு அம்மாவின் குரல்தான் கேட்கும்.

அப்போது எனக்கு எட்டு வயது. யட்டியாந்தோட்டைப் பக்கம், ஒற்றை அறைக் காம்பராக்கள் வரிசையாய் ஒட்டி நின்ற எங்கள் தொழிலாளர் லயத்தின் மேல் ஒரு கிழட்டு ரப்பர் மரம் சாய்ந்து நின்றது. தம்பியோடு வெட்ட வந்த சிங்கள மேஸ்திரி, நாங்கள் பாஸ் என்று கூப்பிடுபவர், "பயப்படாதீங்க அக்கே, மேட்டுப் பக்கந்தான் விழும்" என்றார்.

"நிச்சயமாவா?" என்றாள் அம்மா.

"நிச்சயம்."

"அப்ப நீங்க எங்க காம்பராவுல உக்காந்து தேத்தண்ணி குடிங்க. ஒங்க தம்பி வெட்டட்டும்."

லயமே சிரித்தது. பாஸ் மரத்தை மறுபடி அண்ணாந்து பார்த்தார். பிறகு உச்சியில் வடம் கட்டி, சிரித்தவர்களையே மேட்டில் நின்று இழுக்கச் சொன்னார். மேட்டுப் பக்கம் அடிமரத்தில் வாய் பிளந்த மாதிரி ஒரு துண்டு வெட்டி எடுத்து, பின்னாலிருந்து அறுத்து, நடுவில் மூன்று விரல் கனம் மிச்சம் வைத்தார்.

"இது கதவுக் கீல் மாதிரி. இதையும் அறுத்தா மரம் நம்ம பேச்சைக் கேக்காது."

மரம் மேட்டில் விழுந்தது.

"அக்கே, இப்ப தாங்க தேத்தண்ணி!"

இன்று நான் வெட்ட வந்திருக்கும் மரமும் ஒரு கூரைமேல்தான் சாய்ந்திருக்கிறது. "சரியா விழுமா தம்பி?" என்கிறார் வீட்டுக்காரர்.

என் புதுச் சைக்கிளை மரம் சாய்ந்திருக்கும் பக்கமே அவர் வீட்டுச் சுவரில் சாத்திவிட்டு, வடத்தை எடுக்கிறேன்.