கேட்டோடு என்னைத் திருப்பி அனுப்பிய கோமதி மிஸ்

செவ்வாய்க்கிழமை காலை தறிகள் ஓடிக்கொண்டிருந்ததால் போன் அடித்தது எனக்குக் கேட்கவில்லை. டீ குடிக்க வெளியே வந்து பார்த்தால் ஒன்பது அழைப்புகள். எல்லாம் நம் பெற்றோர் குழுவிலிருந்து. கோமதி மிஸ் தவறிவிட்டார். நெஞ்சு வலிக்கிறது என்று ஆஸ்பத்திரிக்குக் கிளம்பியவர் போய்ச் சேரவில்லையாம். ஐம்பத்து நான்கு வயது. அதெல்லாம் போகிற வயதா? எனக்கு முதலில் கோபம்தான் வந்தது.

ஃபேர்லேண்ட்ஸில் நம் மாதிரிப் பிள்ளைகளுக்காக அவர் நடத்திய பயிற்சி மையத்தின் மாடிப்படி ஏறிய உங்கள் எல்லோருக்கும் அவரைத் தெரியும். என் மகள் தாரணிக்கு ஆட்டிசம். அவள் பன்னிரண்டாம் வகுப்பு முடித்ததும், "இனி ஊட்டுலயே இருக்கட்டுங்க மிஸ்" என்றேன். அவர் என் பக்கம் திரும்பவே இல்லை. "சாமி, நீ என்ன சொல்ற?" என்று தாரணியைக் கேட்டார். கொஞ்சம் பொறுத்து, "பி.காம்" என்றாள் அவள். அந்த ஒரு சொல்லை வைத்துக்கொண்டு மிஸ் என்னை ஒரு வழி பண்ணிவிட்டார்.

ஓமலூர் பக்கம் ஒரு கல்லூரியில் இடம் கிடைத்தது. கோடை விடுமுறையிலேயே அனுமதி வாங்கி, மிஸ் அவளை ஒத்திகைக்கு அழைத்துப்போனார். எங்கள் ஜலகண்டாபுரத்தில் பஸ் ஏறுவது, இறங்குவது, வகுப்பறை, கழிப்பறை, கேன்டீன் எல்லாம் பத்து நாள் நடந்து பார்த்தார்கள். சத்தம் தாங்குவாளா என்று மிஸ் ஒருமுறை கேட்டார். நான் சிரித்துவிட்டேன்.

"ஏனுங்க மிஸ், தொட்டில்ல கெடந்தப்பவே தறிச் சத்தத்துல தூங்குன புள்ளைங்க. காலேஜ் சத்தம் ஒரு சத்தமாங்க?"

அவரும் நம்பிவிட்டார்.

முதல் நாள் பதினோரு மணிக்கே கல்லூரியிலிருந்து போனில் கூப்பிட்டுவிட்டார்கள். இடைவேளை மணி அடித்ததும் அத்தனை பிள்ளைகளும் கத்திச் சிரித்துக்கொண்டு வராந்தாவுக்கு வந்திருக்கிறார்கள். தாரணி மாடிப்படிக்கு அடியில் காதைப் பொத்திக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். தறி ஒரே மாதிரி அடிக்கும். அடுத்த அடி எப்போது விழும் என்று அவளுக்குத் தெரியும். சிரிப்பு அப்படியா வரும்? பெற்று வளர்த்த எனக்கு அது உறைக்கவே இல்லை. டி.சி.யை வாங்கிக்கொண்டு போய்விடலாம் என்று முடிவே செய்துவிட்டேன்.

எனக்கு முன்னால் வந்திருந்த மிஸ், அவளுக்கு இரண்டு முழம் தள்ளி வெறும் தரையில் உட்கார்ந்திருந்தார். என்னைப் பார்த்ததும் எழுந்து வந்தார். "தப்பு எம்மேலதானுங்க. ஆளில்லாத காலேஜைக் காட்டிப்போட்டு, பழகிட்டான்னு நெனச்சுட்டேன். அவளக் கோவிச்சுக்காதீங்க" என்றார். நம்மிடம் எந்த டீச்சர் இப்படிச் சொல்லியிருக்கிறார்? மறுநாளே முதல்வரைப் பார்த்து, மணி அடிக்க ஐந்து நிமிடம் முன்பே தாரணி நூலகத்துக்குப் போய்விட அனுமதி வாங்கினார்.

அப்படியும் நான் நகரவில்லை. தறியை மனைவியிடம் விட்டுவிட்டு ஒரு மாதம் கல்லூரி கேட் பக்கத்தில் வண்டியோடு நின்றேன். யாராவது தாரணியிடம் பேர் கேட்டால்கூட நான்தான் முந்திக்கொண்டு சொல்வேன். ஒருநாள் மிஸ் அதைப் பார்த்துவிட்டார்.

"ஏனுங்க, பி.காம் படிக்கறது அவளா, நீங்களா?"

"அவ பதில் சொல்ல நேரமாகுமுங்க மிஸ்."

"ஆகட்டுமே. உங்களுக்கென்ன பஸ்ஸா போயிரும்? கெளம்புங்க ஊட்டுக்கு."

வண்டியை எடுத்துக்கொண்டு வீட்டுக்கு வந்துவிட்டேன். அவமானமாக இருந்தது. நன்றியெல்லாம் ரொம்பப் பிறகுதான் வந்தது.

தாரணிக்கு இது மூன்றாம் வருடம். தனியாகப் போய் வருகிறாள். மிஸ் தவறிய அன்று அவருக்கு மாலை போட எங்களோடு வந்தாள். அவரைக் கிடத்தியிருந்த ஐஸ் பெட்டிக்குப் பக்கத்தில் நின்றிருந்த மிஸ்ஸின் அண்ணன், "நீ யாரு சாமி?" என்று அவளிடம் கேட்டார். பழக்க தோஷம், என் வாய் திறந்துவிட்டது. மூடிக்கொண்டேன். மிஸ்ஸிடமிருந்து எனக்கென்று நான் வைத்துக்கொண்டிருப்பது இப்படி வாயை மூடிக்கொண்டு காத்திருப்பது ஒன்றைத்தான். அதை அவர் முன்னாலேயே கைவிட முடியுமா? நேரம் போய்க்கொண்டே இருந்தது. சுற்றி நின்றவர்கள் என்னைப் பார்த்தார்கள். மனைவி என் கையை இறுக்கிப் பிடித்துக்கொண்டாள்.

"தாரணிங்க. பி.காம் மூணாவது வருசம்" என்றாள் மகள். பிறகு பெட்டியின் மேல் குனிந்து சொன்னாள்:

"மிஸ், அப்பா இப்ப கேட்டுக்கு வாரதில்லீங்க."