பொங்கல் படத்துக்கு நான் போட்ட கமெண்ட்

நேற்று டிவியில் போட்ட பொங்கல் படத்தில், பிரிந்துபோன மனைவியைத் தேடிக் கணவன் வருகிறான் அல்லவா?

"விட்டுட்டுப் போனவ திமிரு பிடிச்சவ. அவகிட்ட எதுக்குக் கெஞ்சணும்?" என்று அந்தக் காட்சிக்கு நெட்டில் கமெண்ட் போட்டேன். நேரில் வாயே திறக்காத எனக்கு, லைக் வர வர ஒரே சந்தோஷம்.

இன்று நான் நண்டு உரிக்கப் போகும் கம்பெனியில் டீ குடிக்கும்போது, பக்கத்தில் உட்காரும் அக்கா போனைப் பார்த்துச் சிரித்தார்.

"ஏன்டி, படத்துல அவளை அவன் அடிச்சப்ப நீ விளம்பரம்னு எந்திரிச்சுப் போயிட்டியா?"

அக்காவும் கணவரைப் பிரிந்து தனியாக இருப்பவர். எழுதும்போது அது எனக்கு நினைவே வரவில்லை.

திரும்பி நின்று கமெண்டை அழித்தேன்.

அக்காவின் சிரிப்பு நின்றது. "எதுக்குடி அழிச்ச? நான் பதில் எழுதிக்கிட்டு இருந்தேன்ல?"

அதன்பின் சாயங்காலம் வரை அக்கா என்னிடம் பேசவில்லை.

அக்கா, இந்தப் பதிவை அழிக்க மாட்டேன். அந்தப் பதிலை இங்கன போடுங்க. திட்டியே போடுங்க.