செவ்வரத்தை வேலியும் ஃபரீதா ராத்தாவும்

எங்கள் வீட்டுக்கும் பக்கத்திலுள்ள ஃபரீதா ராத்தா வீட்டுக்கும் நடுவே செவ்வரத்தை வேலி. வண்டு தின்று இலையெல்லாம் சல்லடையாகிவிட்டது.

மருந்தடிக்க எனக்கு மனமில்லை. தினமும் காலையில் தும்புத்தடியால் தட்டுவேன். வண்டுகள் அந்தப் பக்கம் பறந்துவிடும். மறுநாள் பார்த்தால் பழையபடி இங்கேதான் இருக்கும்.

இன்று காலையில் மூதூருக்குப் போனதால், பின்னேரம்தான் தடியை எடுத்தேன். வேலிக்குக் கிட்டப் போனதும் மறுபக்கமிருந்து படார் படாரென்று அடி. வண்டுகள் என் தலையில் பொலபொலவென்று உதிர்ந்தன.

எட்டிப் பார்த்தேன். ராத்தாவின் கையிலும் தும்புத்தடி.

“ராத்தா, நீங்களா இவ்வளவு நாளும் இங்கால விரட்டினது?”

“ஓம். காலையில நீங்கதானே இங்கால அனுப்புறீங்க.”

“தெரிஞ்சும் ஒண்டும் சொல்லேல்லையே?”

“நீங்க பொங்கல் அனுப்பின கோப்பைய எண்டைக்காவது வெறுமையாத் திருப்பித் தந்திருக்கிறனா, தங்கச்சி?”

நாளை விடிய, வண்டுகள் தூக்கக் கலக்கத்தில் இருக்கும்போதே, இரண்டு பக்கமும் சவர்க்கார நுரைத் தண்ணீர் வாளியோடு நின்று, வேலியை உலுப்பி அவற்றை அதில் விழுத்துவதாகப் பேசியிருக்கிறோம்.

இப்போது எனக்கு ஒரே யோசனைதான். ராத்தாவின் பூனை எங்கள் குசினி அடுப்படியில் வந்து குடியேறி ஒரு மாதமாகிறது. அதற்கு முன் நான் எதை அனுப்பியிருப்பேன்?