பெண்கள் பக்கம் பிந்திய விளக்கு

போன வருடத் திருவிழாவுக்கு முந்திய ஞாயிற்றுக்கிழமை, தோட்டவெளிப் பக்கம் எங்கள் பங்கு மண்டபத்தில் விவிலிய வினாடிவினா நடந்தது. ஆண்கள் அணியும் பெண்கள் அணியும் மோதின. வெல்பவர்கள் மறைமாவட்டப் போட்டிக்குப் போகலாம். பெண்கள் அணித் தலைவி என் மனைவி. பொத்தான் கருவியைச் செய்தவன் நான். டிவி, ரேடியோ திருத்துகிறவனுக்கு இதெல்லாம் ஒரு வேலையா என்று ஊரெல்லாம் சொல்லியும் திரிந்தேன்.

யார் முதலில் அழுத்துகிறாரோ அவர் பக்க விளக்கு எரியும். மற்றப் பக்கம் பூட்டிக்கொள்ளும். கோயிலில் போலவே மண்டபத்திலும் ஆண்கள் ஒரு பக்கம், பெண்கள் மறுபக்கம். கருவியை ஆண்கள் பக்கம் வைத்துவிட்டு, பெண்களுக்குச் சுவரோரமாகச் சுற்றி நீள வயர் இழுத்தேன். ஃபேனைப் போட்டாலே அந்தப் பக்க விளக்கு தானாக எரிந்தது. கரண்டைக் கொஞ்சம் தேக்கி வைக்கிற பெரிய கப்பாசிற்றர் ஒன்றை அந்த வயரில் ஈயம் வைத்து ஒட்டினேன். கோளாறு அடங்கியது.

போட்டியில் ஆறு கேள்விகள் கேட்டார்கள். ஆறுக்கும் ஆண்கள் பக்கமே எரிந்தது. விவிலியத்தைக் கரைத்துக் குடித்தவள் என் மனைவி. நேராக என்னிடம் வந்தாள்.

“நான்தான் முதல் அமத்தினனான்.”

“மீன் வெட்டிற கைக்கு உது பழக்கமில்லைப் போல,” என்று சிரித்தேன்.

அவள் சிரிக்கவில்லை. பங்குத்தந்தையிடம் போனாள். “ஃபாதர், நாங்களும் ஆம்பிளையளும் இடம் மாறி இருக்கிறம்.”

“ஓம், மாறுங்கோ,” என்றார் அவர்.

அடுத்த மூன்று கேள்விகளும் பெண்களுக்கு. இப்போது ஆண்கள் தலைவர் எழும்பி, “நான் அமத்தினனான், எரியேல்லை,” என்றார். மண்டபமே சிரித்தது. எனக்கு மட்டும் அப்போதுதான் விளங்கியது. அழுத்திய செய்தி அந்தக் கப்பாசிற்றரில் கொஞ்சம் தங்கித்தான் கருவிக்கு வருகிறது. கண்ணிமைக்கும் நேரம்தான், ஆனால் முந்துகிறவர் வெல்லும் போட்டியில் அது போதும்.

மைக்கை வாங்கினேன். “பிழை என்ர கருவியில. அக்காமார் பிந்தேல்லை, நான்தான் பிந்த வைச்சனான்.”

கப்பாசிற்றரை வெட்டி எறிந்து, ஃபேன்களையும் நிறுத்தினேன். புதுக் கேள்விகளோடு முதலிலிருந்து தொடங்கினார்கள். அந்த வெக்கையில் எல்லோரும் நனைந்தோம், யாரும் எழும்பிப் போகவில்லை. கடைசிக் கேள்வியில் பெண்கள் வென்றார்கள். நான் கைதட்டியதில் உள்ளங்கை சிவந்துவிட்டது. அன்று வீட்டில் நண்டுக் கறி. என் சோற்றுக் கோப்பையில் மட்டும் கால்கள்தான் விழுந்தன. அதையும் சந்தோஷமாகவே சாப்பிட்டேன்.

இப்போதெல்லாம் யாராவது பதில் சொல்லப் பிந்தினால், அவருக்குத் தெரியாது என்று நான் முடிவு கட்டுவதில்லை; அவர் சொல்வது என்னிடம் வந்து சேராதபடி நான் என்ன செய்து வைத்திருக்கிறேன் என்றுதான் முதலில் பார்க்கிறேன்.