தெள்ளு மொய்த்த நூல்

1998 ஆகஸ்ட் மாதத்துச் சனிக்கிழமைகளை என் நாட்குறிப்பில் புரட்டினால் அநேகமாக ஒரே வரிதான் இருக்கிறது: "நூலில் தெள்ளு. மீன் இல்லை."

அவற்றை நான் எனக்காக எழுதவில்லை. நான் கனடாவில் இருந்தேன்; என் மனைவி வெள்ளவத்தையில் ஒரு வாடகை அறையில் கனடா விசாவுக்காகக் காத்திருந்தாள். கலியாணத்துக்குப் பிறகு நாங்கள் சேர்ந்திருந்தது இருபத்தெட்டு நாட்கள். பிரிந்து இரண்டு வருடம் கடந்திருந்தது. வந்து சேர்ந்ததும் அவள் எதையும் தவறவிட்டதாக நினைக்கக் கூடாது என்று, நேரம், காற்று, மழை எல்லாவற்றையும் திகதி போட்டு எழுதிவைத்தேன். சனிக்கிழமை காலை பத்து மணிக்கு அவள் தெருமுனைத் தொலைபேசிக் கடையிலிருந்து எனக்குப் போன் எடுப்பாள். அங்கே இரவு எட்டு. எட்டரைக்குக் கடை பூட்டிவிடும்.

பத்து மணிக்கு முன்னதான விடியற்காலைகள் ஏரிக்கு. தொழிற்சாலையில் என்னோடு வேலை செய்த அண்ணை ஒருவர் பழைய அலுமினியப் படகு ஒன்று வைத்திருந்தார். ஸ்காபரோ புளவ்ஸ் என்னும் கரையோரச் செங்குத்து மேட்டின் வெளிறிய மண்சுவர் சிறிதாகத் தெரியும் தூரம்வரை போய், மோட்டாரை மெல்ல ஓட்டியபடி இரண்டு தூண்டில்களைப் பின்னால் இழுத்துக்கொண்டு திரிவோம். சமன் என்று நாங்கள் சொல்லும் சால்மன் மீன் கடிக்கும் என்பது நம்பிக்கை.

அந்தக் கோடையில்தான் தூண்டில் நூலில் அது மொய்க்கத் தொடங்கியது. நனைந்த பஞ்சுபோல, வழுவழுவென்று, சிறு கறுப்புப் புள்ளிகளோடு. முதல் நாள் கண்டதும் அண்ணைக்குத் தலைகால் புரியவில்லை.

"ஐசே, கூனி இறால்! உதை எறியாதையும்!"

நூலிலிருந்து வழித்துச் சாப்பாட்டுப் பெட்டியில் சேர்த்து, வீட்டில் மிளகாயும் உப்பும் போட்டு வறுத்தார். சட்டியில் மிஞ்சியது சவரம் செய்த தாடிமயிர் மாதிரி ஏதோ. அடுத்த வாரம் படகுத்துறையில் ஒரு வெள்ளைக்காரக் கிழவர்தான் அது தண்ணீர்த் தெள்ளு என்ற சின்னஞ்சிறு பூச்சி என்றும், நீண்ட முள்வால்களால் நூலைக் கொளுவிப் பிடிக்கும் என்றும் விளங்கப்படுத்தினார். இந்தக் கதையைத் தொலைபேசியில் சொன்னபோது என் மனைவி மூச்சுவிட முடியாமல் சிரித்தாள். "உங்களுக்கு மீனும் இல்லை, கூனியும் இல்லை!"

ஆகஸ்ட் கடைசியில், ஒரு வியாழக்கிழமை, அவளுக்குத் தூதரகத்தில் நேர்முகம். சனிக்கிழமை முடிவு சொல்வாள். அன்று நான் ஏரிக்குப் போயிருக்கக் கூடாது. அறையில் இருந்தால் பைத்தியம் பிடிக்கும் என்று போனேன். எட்டு மணிக்குத் திரும்புவது என்று பேச்சு.

எட்டு ஐந்துக்கு என் தூண்டில் தடி வளைந்தது.

இழுவையிலேயே பெரிய மீன் என்று தெரிந்தது. ஆனால் பத்துச் சுற்றுச் சுற்றுவதற்குள் றீல் நின்றுவிட்டது. தெள்ளுக் கட்டி தடியின் நுனி வளையத்தில் அடைத்திருந்தது. நூல் உள்ளே வராது. அண்ணை தடியை வாங்கிக்கொண்டார். நான் படகின் ஓரத்தில் குந்தி, நனைத்த பழைய சாரத் துணித்துண்டால் நூலைப் பொத்திப் பிடித்து, முழங்கை அளவு முழங்கை அளவாக வழித்துக் கொடுத்தேன். அவர் சுற்றினார். மீன் மறுபடி ஓடும். வழித்த நூல் எல்லாம் தண்ணீருக்குள் போய்ப் புதிதாகத் தெள்ளு பூசிக்கொண்டு வரும். விரல்கள் முள்ளால் எரிந்தன.

எட்டரை ஆனது. கத்தி என் காலடியில் கிடந்தது.

"தம்பி, அறுக்கிறதெண்டால் அறும்," என்றார் அண்ணை, என்னைப் பார்க்காமல். "அந்தப் பிள்ளை பத்துக்கு எடுக்குமெல்லே. நான் ஒண்டும் நினைக்கமாட்டன்."

கத்தியை எடுத்தேன். எடுத்துவிட்டுக் கீழே வைத்தேன். இரண்டு வருடமாக ஒவ்வொரு சனியும் "இல்லை" என்றே அவளுக்குச் சொல்லி வந்திருக்கிறேன். ஒரு தடவை "ஓம்" என்று சொல்ல ஆசைப்பட்டேன். அவ்வளவுதான்.

மீன் படகுக்குள் வந்தபோது எட்டு ஐம்பத்தைந்து. பதினெட்டு இறாத்தல். படகைக் கரையேற்றி, இழுவை வண்டியில் கட்டி, சென் ஜேம்ஸ் ரவுண் அடுக்குமாடிக்கு வந்து, பதினான்காம் மாடிக் கதவைத் திறக்கும்போது பத்து நாற்பது. அறை அமைதியாக இருந்தது. கடைக்குத் திருப்பி எடுத்தேன். அங்கே மணி அடித்துக்கொண்டே இருந்தது, எடுக்க ஆளில்லை.

ஞாயிறு கடை பூட்டு. திங்கள் வேலைக்குப் போகாமல் போனுக்குப் பக்கத்தில் கதிரையைப் போட்டு இருந்தேன். பத்துக்கு அடித்தது.

"எங்கை போனீங்கள்?" அவள் குரலில் கோபம் இல்லை. "சனிக்கிழமை ஒருத்தரும் எடுக்கேல்லை. உங்கடை அறையிலை மணி அடிக்கிறதை, கடைக்காரர் போதும் எண்டு சொல்லுமட்டும் கேட்டுக்கொண்டு நிண்டனான்."

நேர்முகத்தில் என்ன கேட்டார்கள் என்றேன்.

"உண்மையான கலியாணமோ எண்டு பாக்கினம். மனுசன் சனிக்கிழமையிலை என்ன செய்யிறவர் எண்டு கேட்டவை. மீன் பிடிக்கப் போறவர், ஆனா இண்டுவரைக்கும் ஒண்டும் பிடிக்கேல்லை எண்டன். கூனி வறுத்த கதையும் சொன்னன். மொழிபெயர்க்க வந்தவர் சிரிச்சுப்போட்டார்."

"முடிவு?"

"கடிதம் வருமாம். எப்ப எண்டு சொல்லேல்லை."



"பிடிச்சிட்டன்," என்றேன். "சனிக்கிழமை. அதுதான் பிந்திப்போச்சு."

"பொய்."

"பதினெட்டு இறாத்தல்."

"அப்ப எனக்கு ஒரு துண்டு வையுங்கோ," என்றாள், பக்கத்து வீட்டிலிருந்து கேட்பதுபோல.

மீனில் பாதியை அண்ணை கொண்டுபோயிருந்தார். என் பங்கில் நடுத்துண்டு ஒன்றை வெள்ளித்தாளில் சுற்றி, மேலே திகதி எழுதிக் குளிர்ப்பெட்டியின் உறைதட்டில் வைத்தேன். செப்டம்பரில் கடிதம் வரவில்லை. நவம்பரில் இன்னும் சில பத்திரங்கள் கேட்டு ஒன்று வந்தது. ஏரியில் படகுகள் நின்றுபோய், பனி கொட்டி, வருடமும் மாறியது. பெப்ரவரியில் ஒருநாள் எடுத்துப் பார்த்தபோது உறைபனியில் எழுத்து அழிந்திருந்தது. துடைத்து, அதே திகதியைத் திரும்ப எழுதி, உள்ளே வைத்தேன்.