கிரேக்கத்தில் மூச்சு முட்டுகிறது

பாளையங்கோட்டையில் நர்சிங் படிக்கும் பெண்களுக்கு மருத்துவ ஆங்கிலம் எடுப்பது என் பிழைப்பு. நியூமோ என்றால் நுரையீரல், ப்னியா என்றால் மூச்சு, டிஸ் என்றால் சிரமம். எல்லாம் கிரேக்கம். கிரேக்கர்கள் காற்றுக்கும் மூச்சுக்கும் உயிருக்கும் நியூமா என்று ஒரே சொல்லை வைத்துக்கொண்டார்கள். பெண்கள் பரீட்சை வரை மனப்பாடம் செய்வார்கள். நானும் அதற்கு மேல் யோசித்ததில்லை.

போன வருடம், கல் அரைக்கும் ஆலையில் வேலை செய்யும் என் தம்பி ஒரு சீட்டோடு வந்தான். மாடி ஏறி வந்தவனுக்கு ஐந்து நிமிடம் பேச்சு வரவில்லை. ஆலைக்கு வந்துபோகும் டாக்டர் 'டிஸ்ப்னியா' என்று எழுதி, கீழே ஒரு டானிக்கும் எழுதியிருந்தார்.

"பெரிய சீக்கா இருக்கும் போலுக்கே யக்கா. பேரே வாயில நுழையல."

"நீ அவருட்ட என்னலே சொன்ன?"

"மூச்சு முட்டுதுன்னேன்."

"அதத்தான் கிரேக்கத்துல எழுதிக் கொடுத்திருக்காரு."

"அப்பம் சீக்கு என்னது?"

"அத எழுதலியே."

அதற்குள் அவன் மனைவி, அந்த நோய் குணமாகக் கோயிலில் அர்ச்சனையும் முடித்துவிட்டாள். சாமிக்காவது கிரேக்கம் தெரிந்திருக்கும்.

அவன் காது மடலில்கூட வெள்ளைத் தூசி. அவனுக்கு வேண்டியது டானிக் இல்லை, தூசி இல்லாத வேலை. அவன் சீக்குக்கும் கிரேக்கத்தில் சொல் இருக்கிறது: நியூமோகோனியோசிஸ். நுரையீரலில் தூசி, அவ்வளவுதான். அதை எழுதினால் யாருடைய தூசி என்ற கேள்வி வரும். மூச்சு முட்டுவது தொழிலாளியின் சொந்தச் சமாச்சாரம், தாராளமாக எழுதலாம்.

மறுநாள் அவனை இழுத்துக்கொண்டு டாக்டரிடம் போனேன்.

"மூச்சு முட்டுதுன்னு அவனே சொல்லிட்டான் சார். ஏன் முட்டுதுன்னு நீங்கதான் எழுதணும்."

"நீங்க டாக்டரா?"

"இல்ல. இந்த வார்த்தையெல்லாம் நர்சுகளுக்குச் சொல்லிக் கொடுக்கவ."

"பைய பேசு யக்கா, வேல போயிரும்" என்று தம்பி முனகினான். நான் பைய பேசவில்லை.

டாக்டர் சீட்டை வாங்கி அந்த நீளச் சொல்லை எழுதினார். பக்கத்தில் ஒரு கேள்விக்குறி போட்டு எக்ஸ்ரேக்கு அனுப்பினார். அந்தக் கேள்விக்குறிக்கே ஆலை நடுங்கிவிட்டது. எக்ஸ்ரே வருமுன்னே தம்பியை வாசலில் லாரி எண் குறிக்கும் வேலைக்கு மாற்றினார்கள். படம் பிறகு வந்தது. தூசியின் தழும்பு இருந்தது.

அரைவை இயந்திரத்தின் பக்கத்தில் இப்போது வேறொருவன் நிற்கிறான். மூச்சு முட்டுகிறது அண்ணாச்சி என்று போன வாரம் தம்பியிடம் சொன்னானாம்.

"நீ என்னலே சொன்ன?" என்று கேட்டேன்.

"டாக்டர்ட்ட போனா கேள்விக்குறி போட்டு வாங்கிட்டு வாலேன்னேன்."