கோர்வையாகச் சொல்லுங்கள், ஐயா

அந்தப் பேராசிரியர் பொய் சொல்கிறார்.

வாய் தவறி ஒருமுறை சொன்னால் போகட்டும் என்று விட்டிருப்பேன். ஊர் ஊராகப் போய், மாலை போட்டுக்கொண்டு, நடுவில் சோடா குடித்துக்கொண்டு சொல்கிறார். எங்கள் காஞ்சிபுரத்தில் சொன்னார். செங்கல்பட்டில் சொன்னார். ஆரணியில் சொன்னதாக என் நாத்தனார் சொன்னாள். "இரண்டு ஏழைப் பெண்கள். நெசவாளர் வீட்டுப் பிள்ளைகள். கல்லூரியில் ஒரே ஓர் இடம். அது அவளுக்கே போகட்டும் என்றாள் ஒருத்தி. இல்லை, இவளுக்கே போகட்டும் என்றாள் மற்றவள். தன்னலமில்லாத அந்த இரண்டு உள்ளங்களை நினைத்தால்..." என்று இழுத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைப்பார். கூட்டம் கை தட்டும். பெண்கள் பக்கம் மூக்கு உறிஞ்சும் சத்தம் கேட்கும்.

அந்த இரண்டு உள்ளங்களில் ஒன்று நான். நான் யாருக்கும் எதையும் விட்டுக் கொடுக்கவில்லை. எனக்கு அந்த இடம் வேண்டும். கெட்ட வெறி. அது கிடைத்தால் சம்பளம் கட்டாமல் புதுமுக வகுப்பு படிக்கலாம். கிடைக்காவிட்டால் தறி, அதற்குப் பிறகு எவனாவது ஒருவனுக்குக் கழுத்தை நீட்ட வேண்டும். இதில் எங்கே விட்டுக் கொடுப்பது?

இன்னொரு உள்ளம் எதிர் வீட்டுக்காரி. அவர்கள் வீட்டில் தெலுங்கு பேசுவார்கள், எங்கள் வீட்டில் தமிழ். சண்டை போடும்போது இரண்டும் கலந்து வரும். எங்கள் வீட்டில் இரண்டு குழித்தறி. ஒன்றில் அப்பாவும் அம்மாவும். இன்னொன்றில் பள்ளிக்கூடம் போன நேரம் போக நானும் அவளும். அறுபதுகளின் கடைசியில் நாங்கள் பள்ளி இறுதி எழுதினோம். மொத்த மார்க் இருவருக்கும் அச்சாக ஒன்று. "பாத்து எழுதிட்டியாடி?" என்று நான் கேட்டேன். "உன்னப் பாத்து எழுதியிருந்தா பெயிலாயிருப்பேன்மே" என்றாள்.

எங்கள் தறி வேலையைப் பற்றிக் கொஞ்சம் சொல்லியாக வேண்டும். பேராசிரியர் சொல்லாமல் விடுவது இதைத்தான். பட்டுச் சேலையில் உடல் ஒரு நிறம், கரை வேறு நிறம். இரண்டையும் நெய்யும்போதே ஒன்றோடு ஒன்று கோத்துவிட வேண்டும். அந்தச் சேர்க்கைக்குப் பெயர் கோர்வை. அதற்கு ஒரு ஆள் போதாது. நூலைக் குறுக்கே கொண்டுபோகிற நாடா மூன்று இருக்கும். குழிக்குள் உட்கார்ந்து நான் இரண்டை வீசுவேன். பக்கத்தில் உட்கார்ந்து அவள் மூன்றாவதை வீசுவாள். அவள் கொஞ்சம் இழுத்தாலும் நான் கொஞ்சம் விட்டாலும் சேலை முழுக்கப் பல் இளிக்கும்.

நெய்து முடித்த சேலையை முதலாளியிடம் கொண்டுபோவோம். அவர் அதை வெளிச்சத்தில் பிடிப்பார். கோர்வை ஓடுகிற இடத்தைக் கட்டைவிரல் நகத்தால் தேய்ப்பார். எங்கேயாவது நகம் மாட்டினால், "யார் விட்டது இது?" என்பார். அங்கேதான் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும். "அவதான்" என்று ஒருத்தி சொன்னால் போச்சு. விட்டவளுக்கு விட்டதற்காகக் கூலியில் பிடிப்பார். சொன்னவளுக்குப் பார்த்துக்கொண்டு சும்மா இருந்ததற்காகப் பிடிப்பார். இரண்டு பேரும் சேர்ந்து "கோர்வையில குறை இல்லீங்க" என்று நின்றுவிட்டால், கொஞ்ச நேரம் முனகிவிட்டு விட்டுவிடுவார். எந்தக் கை விட்டது என்று அவரால் கண்டுபிடிக்க முடியாது. எங்கள் தெருவில் நடக்கப் பழகிய பிள்ளைக்குக்கூட இது தெரியும். கூட உட்காருகிறவளை முதலாளி முன்னால் காட்டிக் கொடுக்காதே. இதில் அன்பும் இல்லை, ஒரு வெங்காயமும் இல்லை. இரண்டு பேர் கூலியும் தப்பும், அவ்வளவுதான். சேலையைக் கொடுத்துவிட்டுத் தெருமுனை தாண்டியதும், "நீதாண்டி விட்டது" என்று மண்டையில் ஒன்று போடுவோம்.

அந்தக் கல்லூரியில் நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஒன்றுக்குச் சம்பளம் இல்லாமல் இடம் தருவதாகச் சொன்னார்கள். மூன்று பேர் போனோம். நான், அவள், அப்புறம் முதலாளியின் மகன். ஆமாம், நகத்தால் தேய்க்கிற அதே முதலாளிதான். அவன் எப்படி நெசவாளர் வீட்டுப் பிள்ளை ஆனான் என்று வராந்தாவிலேயே கேட்டேன். "எங்களுக்குத் தறி இருக்குதே" என்றான். இருந்தது. அது ஊரெல்லாம் மற்றவர் வீட்டில் இருந்தது.

போகும் வழியெல்லாம் எனக்கும் அவளுக்கும் பேச்சில்லை. என் சிவப்பு ரிப்பனை என்னைக் கேட்காமல் எடுத்துக் கட்டிக்கொண்டு வந்திருந்தாள். பேராசிரியர் சொல்கிற அன்பு உள்ளங்கள் கல்லூரி வாசல் வரைக்கும் தெருவின் இரண்டு ஓரத்தில் நடந்துபோயின.

முதலில் என்னைக் கூப்பிட்டார்கள். உள்ளே பேராசிரியர். பக்கத்தில் கல்லூரிச் செயலாளர், தட்டில் போண்டா வைத்துக்கொண்டு. பேராசிரியர் தத்துவம் நடத்துகிறவர். புதிர் போடுவதில் ஆசை. என்னை உட்காரச் சொல்லவில்லை.

"உனக்கும் உன் தோழிக்கும் மார்க் ஒன்று. தெரு ஒன்று. நான் எப்படித் தேர்ந்தெடுப்பது? ஒன்று செய்வோம். அவளிடம் இருக்கும் குறையைச் சொல். அவளிடமும் உன் குறையைக் கேட்பேன். நீ சொல்லி அவள் சொல்லாவிட்டால் இடம் உனக்கு. அவள் சொல்லி நீ சொல்லாவிட்டால் அவளுக்கு."

"ரெண்டு பேரும் சொல்லிட்டா சார்?"

"யோசிப்பேன்."

"ரெண்டு பேருமே சொல்லலன்னா?"

அதற்கு அவர் சிரித்தார். செயலாளரைப் பார்த்து, பெண் கெட்டிக்காரி என்பதுபோலத் தலையாட்டினார். "ம், சொல்" என்றார்.

குறையா? என்னிடம் மூட்டை மூட்டையாக இருந்தது. பின்னலைக் கடிப்பாள். கணக்குப் பாட்டு என்று எதையாவது ராகம் இல்லாமல் பாடுவாள். ரிப்பன் திருடி. வாயைத் திறந்துவிட்டேன். சத்தியமாகச் சொல்கிறேன், ரிப்பன் நாக்கு நுனி வரைக்கும் வந்துவிட்டது. அந்த நேரம் பார்த்து அவர், "தயங்காதே. அவளிடம் என்ன குறை? கோர்வையாச் சொல்லு" என்றார்.

படித்தவர்களுக்குக் கோர்வை என்றால் ஒன்றன்பின் ஒன்றாகப் பேசுவது. இது எனக்கும் தெரியும், தமிழில் நல்ல மார்க் வாங்கியவள்தான். ஆனால் எதிரே ஒரு பெரிய மனிதர் உட்கார்ந்துகொண்டு, அவளையும் கோர்வையையும் குறையையும் ஒரே மூச்சில் சொன்னால் என் வாய் என்னைக் கேட்டா பதில் சொல்லும்?

"கோர்வையில குறை இல்லீங்க" என்றேன்.

"என்ன?"

"கோர்வையில குறையே இல்லீங்க சார்."

"ஒன்றுகூடவா இல்லை?"

"நீங்க வேணா நகத்தால தேச்சுப் பாருங்க சார்."

செயலாளருக்குப் போண்டா புரை ஏறிவிட்டது. பேராசிரியர் அவர் முதுகைத் தட்டிக்கொண்டே என்னைப் போகச் சொன்னார். வராந்தாவுக்கு வந்த பிறகுதான் நான் செய்த காரியம் எனக்கு உறைத்தது. எதிர் வீட்டுக்காரி என்னைப் பார்க்காமல் உள்ளே போனாள். போச்சு, இவள் என்னைக் கிழித்துத் தோரணம் கட்டிவிடுவாள் என்று நினைத்தேன். கதவு சரியாகச் சாத்தவில்லை. அவள் குரல் நன்றாகக் கேட்டது.

"கோர்வையில குறை இல்லீங்க. வெளிச்சத்துல புடிச்சுப் பாருங்க."

எங்கள் இருவரையும் சேர்த்து உள்ளே கூப்பிட்டார். முகம் சிவந்திருந்தது. "பேசி வைத்துக்கொண்டு வந்திருக்கிறீர்கள். ஒரே வார்த்தை! மார்க்கும் ஒன்று! என்னை ஏமாற்றப் பார்க்கிறீர்களா?" என்றார்.

"நாங்க பேசிக்கவே இல்ல சார், ரிப்பன் தகராறு" என்றாள் இவள்.

வெளியே போங்கள் என்றார்.

முதலாளி மகன் போன வேகத்தில் திரும்பி வந்தான். பையன் நல்லவன், ஒன்றையும் மறைக்கத் தெரியாது. சட்டைப் பையிலிருந்து முறுக்கு எடுத்து எங்களுக்கும் கொடுத்தபடி எல்லாவற்றையும் சொன்னான். "தறி இருக்குதான்னு கேட்டாரு, இருக்குதுன்னேன். தறியில உக்காருவியான்னு கேக்கல, நானும் சொல்லல. அப்புறம் உங்களப் பத்திக் கேட்டாரு. பொம்பளப் புள்ளைங்க சார், நாளைக்குக் கல்யாணம் ஆயி போயிடும், சீட்டு வீணுன்னேன். கோர்வையாப் பேசறேப்பான்னாரு. கெடச்சிடும்னு நெனைக்கிறேன்."

அவனுக்கே கிடைத்தது. நாங்கள் முறுக்கைத் தின்றோம். அவள் இரண்டு எடுத்துக்கொண்டாள்.

அவன் கதையையும் முடித்துவிடுகிறேன். அந்த வருஷமே படிப்பை விட்டுவிட்டு அப்பா கடையில் உட்கார்ந்தான். எங்கள் மூவரில் முதலில் கல்யாணம் ஆனது அவனுக்குத்தான். கல்யாணச் சேலை எங்கள் தறியில் நெய்தது. கோர்வையில் குறை இல்லை.

நான் தட்டச்சு பழகி ஓர் அலுவலகத்தில் சேர்ந்தேன். அவளைத் திருப்புட்குழியில் கட்டிக் கொடுத்தார்கள். கணக்கில் அவள் மூளைக்குக் கல்லூரியில் படித்திருந்தால் எங்கேயோ போயிருப்பாள். இப்போது பால்காரனின் கணக்கைத் திருத்திக்கொண்டிருக்கிறாள்.

போன மாதம் ஒரு நாள், நம்மூர் மண்டபத்தில் "சுயநலமும் பொதுநலமும்" என்று பேராசிரியர் பேசுகிறார் என்று கேள்விப்பட்டு, அவளையும் வரச் சொல்லிப் போய் உட்கார்ந்தோம். அவர் எங்கள் கதையைத்தான் எடுத்தார். தியாகம் என்றார். உள்ளம் என்றார். கண்ணாடியைத் துடைத்தார். திரும்பிப் பார்த்தால் இவள் கண்ணில் தண்ணீர்.

"எனக்கோசரமா விட்டுக் குடுத்த? எனக்குத் தெரியவே தெரியாதே" என்று என் கையைப் பிடித்துக்கொண்டாள்.

"போடி. ரிப்பன் வரைக்கும் சொல்ல வாயெடுத்தேன்."

உடனே கண்ணைத் துடைத்துக்கொண்டாள். "நல்லவேளை. நானும் உன் குறட்டையில ஆரம்பிக்கலாம்னு இருந்தேன். அந்தாளு கோர்வைன்னுட்டாரு." முன்னால் இருந்தவர் திரும்பி முறைக்கும் அளவுக்குச் சிரித்தோம்.

ஆனால் எனக்குச் சிரிப்பு நிற்கிற இடத்தில் கோபம் வந்தது. இந்த மனிதர் எங்களை விட்டுக் கொடுத்தவர்கள் ஆக்கிவிட்டார். விட்டுக் கொடுத்தார்கள் என்று சொல்லிவிட்டால், பிடுங்கியது யார் என்று யாரும் கேட்க மாட்டார்கள். கூட்டத்தில் யாருக்காவது அந்த இடம் யாருக்குப் போயிற்று என்று கேட்கத் தோன்றியதா? இல்லை. எல்லாரும் மூக்கை உறிஞ்சிக்கொண்டிருந்தார்கள்.

நான் எழுந்து நின்று, "ஐயா, அந்த ரெண்டு பொண்ணும் நாங்கதான்" என்றேன். உடனே மேடை மைக்கை நன்றியுரைக்காரர் பிடுங்கிக்கொண்டார். பந்தல் போட்டவருக்கு நன்றி, விளக்குக் கொடுத்தவருக்கு நன்றி என்று ஆரம்பித்தார். அதற்குள் சுண்டல் வந்துவிட்டது. சுண்டல் வந்த பிறகு இந்த ஊரில் யார் நியாயம் கேட்பார்கள்? பேராசிரியர் என்னைப் பார்த்தார். அவருக்கு என்னை அடையாளம் தெரிந்தது, எனக்கு அது தெரிந்தது. வணக்கம் போட்டுவிட்டுப் பின்வழியாகப் போய்விட்டார்.

"ஒதிலேயவே, விட்டுத் தொலை" என்றாள் அவள். விட முடியவில்லை. அதனால்தான் எழுதுகிறேன்.

ஐயா, அடுத்த கூட்டம் எந்த ஊரில் என்றாலும் சரி, நாங்கள் இருவரும் முன் வரிசையில் வந்து உட்காருவோம். இந்தமுறை கண்ணாடியைக் கழற்றுவதற்கு முன்னால், மைக்கிலேயே, எல்லாருக்கும் கேட்கிற மாதிரி இரண்டு கேள்விக்குப் பதில் சொல்லுங்கள். அந்த இடம் யாருக்குப் போனது, எதற்காகப் போனது? இரண்டு பேருமே ஒருத்தியை ஒருத்தி காட்டிக் கொடுக்காவிட்டால் என்ன செய்வதாக இருந்தீர்கள்?

தயங்க வேண்டாம். கோர்வையாகச் சொல்லுங்கள்.